பர்ப்பிள் மார்ட்டின்களுக்குக் கொல்லைப்புற வீடு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

பர்ப்பிள் மார்ட்டின் பறவைகளுக்கென அமெரிக்கக் கடைகளில் விற்கப்படும் வீடுகளில் இரண்டு வகைகளை ஹூஸ்டன் புறநகரிலுள்ள எங்கள் கொல்லைப்புறத்தில் நிறுத்திப் பல பருவங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, இழுத்து நீட்டும் உருளைக் கம்பத்தின்மேல் அமரும் பன்னிரண்டு அறை அலுமினிய வீடு. மற்றது, சதுரக் கம்பத்தில் வின்ச் (கைப்பிடியைச் சுழற்றி வடத்தை இழுக்கும் கருவி) கொண்டு ஏற்றி இறக்கும் சட்டத்தில், பறவைகள் கூடு வைப்பதற்கான பிளாஸ்டிக் சுரைக்குடுக்கைகள் தொங்கும் அமைப்பு. முதலாவது மலிவானது, இரண்டாவதற்கு அதைப்போல் சில மடங்கு செலவாகும். அப்படியிருந்தும், புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டாவதையே வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே மாதிரிப் பொருளைப் பல நிறுவனங்கள் செய்வதால் நிறுவனப் பெயர்களை விட்டுவிட்டு, எந்த அம்சம் இருந்தால் வாங்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் வீட்டை மதிப்பிட முடியாது. வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீளமும் ஐம்பது கிராம் எடையும் கொண்டது. வளர்ந்த ஆண் உடல் முழுவதும் கருநீலமாக மின்னும். பெண்ணுக்கும் ஓராண்டு வயதுள்ள இளம் பறவைக்கும் வயிறு வெளிறியிருக்கும். குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு ஜனவரி இறுதியிலிருந்து டெக்சஸ் வளைகுடாக் கரைக்கு வரத் தொடங்கும் இப்பறவைகள், பென்சில்வேனியா போன்ற வட மாநிலங்களை ஏப்ரலில்தான் அடைகின்றன. மேற்கே மரப்பொந்துகளிலும் பாலைவனக் கள்ளிகளிலும் கூடு வைக்கும் இதே இனம், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் அமைத்துத் தரும் வீடுகளை நம்பியே வாழ்கிறது. சோக்டா, சிக்கசா மக்கள் தங்கள் குடில்களுக்கு அருகே இளமரங்களின் கிளைகளைக் கழித்து, காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டு இப்பறவைகளை வரவழைத்த வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருமுறை குஞ்சு பொரித்துச் சென்ற பறவை மறு ஆண்டும் அதே கொல்லையைத் தேடி வருகிறது. இத்தனை தொலைவு பறந்து நம்மை நம்பி வரும் உயிருக்கு, ஆடும் கம்பத்தையும் ஒழுகும் பெட்டியையும் வீடு என்று விற்பவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அலுமினிய வீட்டிலிருந்து தொடங்குகிறேன். தொலைக்காட்சி ஆன்டெனா செய்துகொண்டிருந்த ஜே. எல். வேட் என்பவர் 1960களில் இலினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூரில் இவற்றைச் செய்து நாடெங்கும் பரப்பினார். அவ்வூரின் தெருவோரங்களில் மார்ட்டின் வீடுகள் வரிசையாக நிற்பதும், நடுவே பல நூறு அறைகள் கொண்ட கோபுரம் எழுப்பப்பட்டதும் அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் நன்கறிந்த செய்தி. அலுமினியம் துருப்பிடிக்காது, எடை குறைவு, வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்ற மூன்று காரணங்களும் இன்றும் பொருந்துகின்றன. ஆனால் அந்தக் காலத்து அளவையே, அதாவது ஆறு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் கொண்ட அறையையே, மலிவு வீடுகள் இன்றும் பின்பற்றுகின்றன. நான்கைந்து குஞ்சுகள் வளர்ந்து நிற்கும்போது அந்த அறை நிரம்பி வழிகிறது. கூடு வாயிலை ஒட்டியே அமைவதால் சாய்வாக அடிக்கும் மழையில் நனைகிறது. ஆந்தையோ பருந்தோ வாயிலில் தொற்றிக்கொண்டு காலை உள்ளே நீட்டினால் பின்வாங்க இடமில்லை. வாயிலிலிருந்து உட்சுவர் வரை பன்னிரண்டு அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்பதே மார்ட்டின் வீடு வைத்து அனுபவமுள்ளவர்களின் இன்றைய நிலைப்பாடு. என் அலுமினிய வீட்டில் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலிருந்த தகட்டை எடுத்து இரண்டை ஒன்றாக்கினேன். பன்னிரண்டு அறை என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வீடு ஆறு அறை வீடாகியது. அந்த ஆறும் நல்ல அறைகளாகின. அறை எண்ணிக்கையைப் பார்த்து விலையை ஒப்பிடுபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தகட்டின் தடிமனும் கவலைக்குரியது. கதவுகளைப் பிடித்திருக்கும் மெல்லிய நாக்குகள் சிலமுறை திறந்து மூடியதும் வளைந்துவிடுகின்றன. கூரைக்கும் அறைக்கும் இடையே காற்றோடும் இடைவெளி இல்லாத வீடுகள் டெக்சஸ் ஜூன் மாதத்தில் உலையாகின்றன. கூரையடியில் காப்புப் பலகையும் ஒவ்வோர் அறையிலும் காற்றுத் துளையும் இல்லாத அலுமினிய வீட்டை எங்கள் பகுதியில் யாரும் வாங்கவே கூடாது. மேல்தளத்து வராந்தாவில் அறைக்கு அறை தடுப்பு வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். தடுப்பு இல்லாவிட்டால் ஒரே ஆண் பறவை பக்கத்து அறைகளையும் தனதென்று காவல் காக்கும்; வளர்ந்த குஞ்சு வராந்தாவில் நடந்து வேறு கூட்டுக்குள் நுழைந்து, தன்னைவிடச் சிறிய குஞ்சுகளின் இரையைத் தட்டிப் பறிக்கும்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இழுத்து நீட்டும் கம்பத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மூன்று குழாய்கள் ஒன்றினுள் ஒன்று செருகப்பட்டிருக்கும். வீட்டின் எடையைத் தலைக்கு மேல் கையாலேயே தாங்கியபடி ஒவ்வொரு குழாயாக உயர்த்தி, துளையில் ஊசியைச் செருக வேண்டும். காற்று வீசும்போது இதைத் தனியாளாகச் செய்வது ஆபத்தானது. கூடுகள் நிறைந்த பருவத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் வருகிறது: உருளைக் குழாய் சுழலக்கூடியதால், இறக்கி ஏற்றும்போது வீட்டின் முகம் மாறிவிடுகிறது. கிழக்கு நோக்கியிருந்த தன் வாயில் வடக்குப் பக்கம் திரும்பியிருந்தால், அலகில் இரையுடன் வரும் தாய் தன் அறையைக் கண்டுபிடிக்கத் திணறும். குழாயில் வண்ணக்கோடு இட்டு ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது ஒரு வழிதான் என்றாலும், வடிவமைப்பில் இருக்கும் குறையை வாங்கியவர் தலையில் கட்டுவதாகவே அதைக் கருதுகிறேன்.

வீட்டை இறக்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். மார்ட்டின் வீடு நட்டுவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் இல்லை. பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறையாவது இறக்கிக் கூடுகளைப் பார்வையிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் கூட்டைக் கைவிட்டுவிடும் என்ற அச்சம் இப்பறவை விஷயத்தில் ஆதாரமற்றது. பதினைந்து முதல் பதினெட்டு நாள் அடைகாத்து, ஏறத்தாழ நான்கு வாரங்கள் குஞ்சுகளைக் கூட்டில் வளர்க்கும் இந்தக் காலத்தில், கூட்டுக்குள் உண்ணிகளும் ஈக்களின் புழுக்களும் பெருகும், மழைநீர் தேங்கும், டெக்சஸில் செந்தீ எறும்புகள் கம்பத்தின் வழியே ஏறிக் குஞ்சுகளையே கொன்றுவிடும். ஈரமான கூட்டை எடுத்துவிட்டு உலர்ந்த செடார் மரச்சீவலை இட்டுக் குஞ்சுகளைத் திரும்ப வைப்பதற்குச் சில நிமிடங்களே போதும். ஆனால் இறக்குவதே பாரமாக இருந்தால் எவ்வளவு அக்கறையுள்ளவரும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். ஆகவே ‘உறுதி’ என்று நான் சொல்லும்போது காற்றுக்கு அசையாத தன்மையையும், எளிதில் இறங்கி அதே இடத்தில் அதே முகத்தோடு ஏறும் தன்மையையும் சேர்த்தே சொல்கிறேன்.

வின்ச் பூட்டிய சதுரக் கம்பம் இந்த இரண்டையும் தருகிறது. நல்ல அமைப்புகளில் கம்பத்தின் இடுப்புயரத்தில் கைப்பிடியோடு வின்ச் இருக்கும். எஃகுக் கம்பிவடம் கம்பத்தின் உச்சியிலுள்ள கப்பியைச் சுற்றிவந்து சட்டத்தைத் தூக்கும். கம்பம் சதுரமாகவும் சட்டத்தின் நடுக்குழலும் அதே வடிவிலும் இருப்பதால் சுழல்வதற்கு வழியே இல்லை. கைப்பிடியை விட்டாலும் சரிந்து விழாமல் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள வின்ச்சா என்பதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு வின்ச்சில் கைப்பிடி நழுவினால் குடுக்கைகளிலுள்ள எல்லாக் குடும்பங்களும் தரையில் மோதும். கம்பிவடத்துக்குப் பதில் நைலான் கயிறு தரும் அமைப்புகளும் வேலை செய்கின்றன. ஆனால் வெயிலில் கயிறு நைந்துபோவதால் பருவத்துக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும். உச்சியை அடைந்ததும் சட்டத்தின் எடை முழுவதையும் வடமே தாங்காமல், ஓர் ஊசியோ கொக்கியோ கம்பத்தோடு பிணைக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

சுரைக்குடுக்கைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இயற்கையான சுரையை உலர்த்தி, துளையிட்டு, பூஞ்சை பிடிக்காமல் பதப்படுத்தி, வெள்ளை அடித்துத் தொங்கவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறவைகள் அவற்றை விரும்புகின்றன, ஆனால் ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் குடுக்கையே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது. வாங்கும்போது அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சுவர் வழியே வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் அந்தப் பிளாஸ்டிக் மெல்லியது, உட்புறம் இருட்டாக இராது, வெயிலில் சீக்கிரம் நொறுங்கவும் செய்யும். பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குத் திருகுமூடி, அடியில் நீர் வடியும் துளைகள், மேலே மழை நுழையாத காற்றுத் துளைகள், வாயிலுக்கு மேல் சிறு கூரை ஆகியவை இல்லாத குடுக்கை பாதி முடிந்த பொருள். நிமிர்ந்து தொங்கும் குடுக்கையைவிடக் கிடைவாட்டில் நீண்டிருக்கும் வகை சிறந்தது. வாயிலுக்கும் கூட்டுக்கும் இடையே கூடுதல் தொலைவு கிடைக்கிறது. சட்டத்திலிருந்து இரும்புக் கம்பியால் தொங்கும் குடுக்கை காற்றில் ஊசலாடும் என்பதால், கழுத்தை இறுகப் பிடித்து அசையாமல் நிறுத்தும் வகையை நான் தேர்ந்தெடுத்தேன்.

வாயிலின் வடிவம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. பழைய வீடுகளில் 2 1/8 அங்குல வட்டத் துளை இருக்கும். அதன் வழியே ஸ்டார்லிங் பறவையும் எளிதாக நுழையும். ஐரோப்பாவைச் சேர்ந்த, நம் மைனாக்களின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவையை 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பறக்கவிட்டார்கள். அது நாடெங்கும் பரவி, மார்ட்டினின் முட்டைகளை உடைத்து, குஞ்சுகளையும் தாயையும் கொன்று அறையைக் கைப்பற்றுகிறது. நெஞ்சு தடித்த ஸ்டார்லிங் நுழைய முடியாமல் மார்ட்டின் மட்டும் தவழ்ந்து நுழையும்படி, 1 3/16 அங்குல உயரமே கொண்ட பிறைவடிவ வாயிலைக் கண்டறிந்தவர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்யூவன். அந்த உயரம் சற்றே கூடினாலும் ஸ்டார்லிங் நுழைந்துவிடும், சற்றே குறைந்தாலும் மார்ட்டினுக்குச் சிரமம் என்பதால், பிறைவாயில் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் அளவுகோல் வைத்து அளந்து பார்ப்பது நல்லது. வாயிலின் அடிவிளிம்பு வராந்தாவோடு ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். உயரத்தில் வைத்துவிட்டால் ஸ்டார்லிங் உடலைச் சாய்த்து நுழைய வழி கிடைத்துவிடும்.

பிறைவாயிலும் சிட்டுக்குருவியைத் தடுப்பதில்லை. ஊரில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைத்துப் பழகிய நமக்கு இது சங்கடமான விஷயம். தமிழ்நாட்டில் காணவில்லையே என்று நாம் ஏங்கும் அதே பறவை, 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டு இங்கே வேற்றிடத்துப் பறவையாகப் பெருகி, மார்ட்டின் கூடுகளில் முட்டைகளைக் குத்தி உடைக்கிறது. 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் மார்ட்டினைப் பாதுகாக்கிறது. சிட்டுக்குருவியையும் ஸ்டார்லிங்கையும் அது பாதுகாப்பதில்லை. அவற்றின் கூட்டுப் பொருளைத் தொடர்ந்து அகற்றுவது வீட்டுக்காரரின் கடமைகளில் ஒன்று. அதைச் செய்ய மனமில்லாதவர் மார்ட்டின் வீடு வைக்காமலிருப்பதே நல்லது. இங்கேயும் எளிதில் இறங்கும் சட்டத்தின் அருமை புரியும்.

அடித்தளத்துக்கு வருகிறேன். ஹூஸ்டன் பகுதியின் களிமண் மழையில் உப்பி, கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் தன்மையுடையது. கூரான முனையைத் தரையில் அடித்துக் கம்பத்தை அதில் செருகும் முறை இம்மண்ணில் ஒரு கோடையைக்கூடத் தாங்காது; கம்பம் மெல்லச் சாயும், சாய்ந்த கம்பத்தில் சட்டம் உராய்ந்து சிக்கும். ஆழமாகக் குழி தோண்டி, கம்பம் கழற்றக்கூடிய எஃகுச் செருகுக்குழலைக் கான்கிரீட்டில் பதிக்கும் முறையே சரி. குழி தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடி எரிவாயு, மின்சாரத் தடங்களைக் கட்டணமின்றிக் குறியிட்டுத் தருவார்கள்; இதைத் தவிர்க்காதீர்கள். 2024 ஜூலை 8ஆம் நாள் பெரில் சூறாவளி மாட்டகோர்டா அருகே கரையேறி ஹூஸ்டனைத் தாக்கியபோது எங்கள் குடுக்கைகள் காலியாகியிருந்தன. முந்தைய நாளே சட்டத்தை அடிவரை இறக்கிக் கட்டிவைத்தோம். வேலிப் பலகைகள் பறந்த அந்தக் காற்றில் கம்பம் நிமிர்ந்தே நின்றது, வின்ச்சும் மறுநாள் வழக்கம்போல் சுழன்றது. விலைக்கு ஏற்ற பொருள் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

காவல் தகட்டைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் தனியாக விற்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். கம்பத்தில் ஏறும் ரக்கூன் என்ற விலங்கும் சாரை வகைப் பாம்பும் ஒரே இரவில் முழுக் குடியிருப்பையும் காலி செய்யக்கூடியவை. மார்ட்டின்கள் அதன்பிறகு அந்த இடத்துக்குத் திரும்பாமலே போகலாம். கம்பத்தைச் சுற்றித் தொங்கும் அகன்ற உருளைத் தகடும், பாம்புக்காக அதன் கீழே சுற்றிவைக்கும் வலையும், குடுக்கைச் சட்டத்தைச் சூழ ஆந்தைத் தடுப்புக் கம்பிகளும் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டியவை. வாங்குபவர் இவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பெட்டிகளின் மேலும் விளம்பரங்களிலும் இன்றும் காணப்படும் ஒரு வாசகத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசுக்களைத் தின்னும் என்பது வேட் காலத்து விற்பனை உத்தி; ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மார்ட்டின் பகலில், வானத்தின் உயரத்தில் இரை தேடும். கொசு அந்தியில் தரையை ஒட்டித் திரியும். தும்பி, வண்டு, வண்ணத்துப்பூச்சி, இறக்கை முளைத்த எறும்பு ஆகியவையே அதன் உணவு. செந்தீ எறும்பின் இறக்கையுள்ள இராணிகளையும் அது பிடித்துத் தின்பது டெக்சஸ்காரர்களுக்கு உண்மையான நன்மை. கொசுவுக்காக இந்த வீட்டை வாங்குபவர் ஏமாறுவார். விடியற்காலையில் கொல்லை முழுவதும் கேட்கும் அதன் களகளப்புக்காக வாங்குபவர் ஏமாறமாட்டார்.

எல்லாக் கொல்லைக்கும் இது பொருந்தாது. உயரமான மரங்களிலிருந்து நாற்பது முதல் அறுபது அடியாவது விலகிய திறந்த வெளி வேண்டும். அதே நேரம் மனித நடமாட்டத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நூறு அடிக்குள் கம்பத்தை நடுவதே பொதுவான வழக்கம். மனிதர் அருகிலிருந்தால் பருந்துகள் தயங்கும் என்பதை இப்பறவை அறிந்திருப்பதாகவே தோன்றுகிறது. ஓக் மரங்கள் சூழ்ந்த மனையில் எவ்வளவு விலையுயர்ந்த அமைப்பை நட்டாலும் வராது. எச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில் பன்னிரண்டு முதல் பதினைந்து அடிக் கம்பத்துக்கு முன்னனுமதி கேட்பது அவசியம்.

குளிர் திரும்பும் ஆண்டுகளில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 2021 பிப்ரவரி உறைபனிப் புயலில் பூச்சிகள் பறக்காததால் முன்கூட்டியே வந்திருந்த மார்ட்டின்கள் டெக்சஸில் ஏராளமாக மடிந்தன. சிள்வண்டுகளையோ, எண்ணெய் சேர்க்காமல் வறுத்த முட்டைத் துணுக்குகளையோ பறவை முன் வீசியெறிந்து பிடிக்கப் பழக்குபவர்கள் சிலவற்றையாவது காப்பாற்றினார்கள். சட்டத்திலேயே இரைத்தட்டு மாட்டும் வசதி தரும் அமைப்புகள் இருக்கின்றன. சிறிது கூடுதல் செலவானாலும் அதைச் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

நவம்பரிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள். கான்கிரீட் இறுகி, கம்பம் நிமிர்ந்து, ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் குடுக்கைகள் ஏறியிருக்க வேண்டும். முதலில் வரும் முதிய பறவைகள் தங்கள் பழைய இடங்களுக்கே செல்பவை. புதிய கம்பத்தில் குடியேறுபவை பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து வரும் ஓராண்டு இளம் பறவைகள். எனவே பிப்ரவரியில் யாரும் வரவில்லையென்று வாயில்களை அடைத்துவிடாமல், மே இறுதிவரை திறந்தே வைத்து, சிட்டுக்குருவிக் கூடுகளை மட்டும் அகற்றிக்கொண்டிருங்கள். ஆகஸ்டில் கடைசிக் குஞ்சும் போனபின் குடுக்கைகளைக் கழற்றி, கழுவி, உலர்த்தி உள்ளே வையுங்கள். வெயில் படாமல் பாதுகாத்தால் பிளாஸ்டிக் பல ஆண்டுகள் உழைக்கும். ஆர்டரில் இரண்டு திருகுமூடிகளையும் ஒரு மாற்று வடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவே அவை தேவைப்படும்போது தபாலுக்காகக் காத்திருக்க முடியாது.